பத்தாயிரத்து எண்பது பங்கு



இன்றைய பேச்சைக் கேட்கும்போது கையில் ஒரு பென்சிலும் ஒரு துண்டுத் தாளும் இருந்தால் நல்லது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. தாள் அகப்படாதவர்கள் கிழித்துப்போட்ட நாள்காட்டியின் பின்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

6,746,328,388,800.

பதின்மூன்று இலக்கங்கள். நம் பாட்டன்மார் வழக்கப்படி சொன்னால், ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. ஒரு விநாடிக்கு ஒன்று என்று, சோறு தண்ணீர் இல்லாமல், உறக்கமும் இல்லாமல் எண்ணிக்கொண்டே போனால், எண்ணி முடிக்க 2 லட்சத்து 13 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஆனால் இந்த எண்ணின் பெருமை அதன் அளவில் இல்லை. அளவைப் பற்றிப் பெருமை பேசினால், பக்கத்தில் இருக்கும் சிறுவன் அதோடு ஒன்றைக் கூட்டி, "என்னுடையது அதைவிடப் பெரியது" என்று சொல்லிவிடுவான். இதன் பெருமை வேறு. மிச்சம் விழாமல் இதைப் பங்கு போட 10,080 வழிகள் உண்டு. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வழிகள் கிடையாது. 1915ஆம் ஆண்டு, கும்பகோணத்தில் வளர்ந்த 27 வயதுத் தமிழர் ஒருவர், இலண்டனில் அச்சான ஒரு கட்டுரையில் நீண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். அந்தப் பட்டியலின் கடைசி எண்தான் நீங்கள் இப்போது எழுதியது. அவர் பெயர் சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் என்றதும் 1729 என்ற டாக்சி வண்டி எண்ணைச் சொல்லப்போகிறேன் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்று நாம் பார்க்கும் கண்ணோட்டத்தில் 1729 ஏழை எண். அதை எட்டே எண்களால்தான் மிச்சமின்றி வகுக்கலாம். அதைவிடச் சிறிய 1680ஐ நாற்பது எண்களால் வகுக்கலாம்.

சரி, பங்கு போடுவது என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நிரை என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்களிடம் 24 ரப்பர் கன்றுகள் இருக்கின்றன. எல்லா நிரையிலும் ஒரே எண்ணிக்கை வரும்படி நட வேண்டும். ஒரே நிரையில் 24ஐயும் நடலாம். 2 நிரையில் பன்னிரண்டு பன்னிரண்டாக நடலாம். 3 நிரை, 4 நிரை, 6 நிரை, 8 நிரை, 12 நிரை, 24 நிரை என்றும் நடலாம். ஆக எட்டு வழிகள். இந்த 1, 2, 3, 4, 6, 8, 12, 24 ஆகிய எட்டும் 24இன் காரணிகள். (செம்பனைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். செம்பனையை முக்கோணமாக நடுவார்கள்; அந்தக் கணக்கு வேறு.)

இப்போது ஒரு கன்று பட்டுப்போய் 23 ஆகிவிட்டது. என்ன செய்வீர்கள்? ஒரே நிரையில் நடலாம். அல்லது நிரைக்கு ஒன்றாக 23 நிரை நடலாம். வேறு வழியே இல்லை. 23க்கு இரண்டே காரணிகள்தான். இப்படிப் பிடிவாதமான எண்ணைப் பகா எண் என்கிறோம். சரி, ஒரு கன்று கூடுதலாக வந்து 25 ஆனால்? 1, 5, 25 என்று மூன்றே காரணிகள். எண் பெரிதானால் பங்கு போடும் வழிகளும் கூடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

தீபாவளிக்கு முதல் நாள் லயத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு போடும் பழக்கம் நமக்குத் தெரியும். பங்கு சரியாக விழாவிட்டால் எத்தனை மனத்தாங்கல் வரும் என்பதும் தெரியும். நூறு வெள்ளியை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 33 வெள்ளி 33 காசு போக ஒரு காசு மிஞ்சும். நூறு என்பது எழுதுவதற்கு அழகான எண். பங்கு போடுவதற்கு அவ்வளவு நல்ல எண் அன்று. அதற்கு ஒன்பது காரணிகள்தான். ஆங்கிலேயர்கள் 1971 வரை தங்கள் நாட்டில் ஒரு பவுனுக்கு 240 பென்னி என்று கணக்கு வைத்திருந்தார்கள். கேட்பதற்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் 240க்கு 20 காரணிகள். மூன்று பேர் வந்தாலும், ஐந்து பேர் வந்தாலும், எட்டுப் பேர் வந்தாலும் சண்டையில்லாமல் பிரிக்கலாம். மணிக்கு 60 நிமிடம் வைத்த பழங்காலத்தவருக்கும் இந்த வசதி கிடைத்தது. 60க்குப் பன்னிரண்டு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் பன்னிரண்டு கிடையாது.

தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகளைக் கொண்ட எண்ணை இராமானுஜன் தனி இனமாகப் பிரித்துப் பெயரிட்டார். தமிழில் அதை மிகு பகு எண் எனலாம். தொடக்கத்தில் அவை இப்படி வரும்: 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120. பிள்ளைகள் சரிபார்த்துக்கொள்ளலாம். 72க்கும் பன்னிரண்டு காரணிகள் உண்டே, அது ஏன் வரவில்லை என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். 60 முந்திக்கொண்டுவிட்டது. சமமாக இருந்தால் போதாது, மிஞ்ச வேண்டும். 60ஐ மிஞ்சும் அடுத்த எண் 120. அதற்குப் பதினாறு.

சிறிய எண் என்றால் விரல்விட்டு எண்ணிவிடலாம். பதின்மூன்று இலக்க எண்ணுக்கு 10,080 காரணிகள் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தார்களா? இல்லை. இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. கடைக்குப் போய் அதைப் பார்ப்போம்.

கடையில் உங்களுக்காக இரண்டு போத்தல் எண்ணெய், ஒரு டின் பால், ஒரு கட்டிச் சவர்க்காரம் எடுத்து வைத்திருக்கிறார்கள். இவற்றில் எதை வாங்கலாம், எதை விடலாம் என்பது உங்கள் விருப்பம். எண்ணெயில் ஒன்றும் வாங்காமல் விடலாம், ஒன்று வாங்கலாம், இரண்டும் வாங்கலாம், மூன்று வழி. பாலை விடலாம் அல்லது வாங்கலாம், இரண்டு வழி. சவர்க்காரத்துக்கும் இரண்டு வழி. மொத்தம் 3 × 2 × 2, அதாவது 12 வழிகள். ஒன்றுமே வாங்காமல் வெறுங்கையோடு திரும்புவதும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று என்பதை மறக்க வேண்டாம்.

60 என்ற எண்ணும் இதே கடைதான். அதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 2 × 3 × 5. இரண்டு என்பது எண்ணெய்ப் போத்தல், இரண்டு இருக்கிறது. மூன்று என்பது பால் டின். ஐந்து என்பது சவர்க்காரம். எவற்றை எடுத்துப் பெருக்குகிறோமோ அது ஒரு காரணி. ஒரு 2ஐயும் 5ஐயும் எடுத்தால் 10. இரண்டு 2ஐயும் 3ஐயும் எடுத்தால் 12. ஒன்றும் எடுக்காவிட்டால் 1. ஆக, 60க்குப் பன்னிரண்டு காரணிகள்.

இப்போது நம் பெரிய எண்ணுக்கு வருவோம். அதைப் பிரித்தால் கிடைப்பவை: 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறை. எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள், 6,746,328,388,800 வரும். இனி வழிகளை எண்ணுவோம். 2இல் ஒன்றும் எடுக்காமல் விடுவது முதல் ஆறையும் எடுப்பது வரை ஏழு வழி. 3இல் ஐந்து வழி. 5இல் மூன்று, 7இல் மூன்று. மீதி ஐந்து எண்களுக்கும் இவ்விரண்டு வழி. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 என்று பெருக்கினால் 10,080. அவ்வளவுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய பெருக்கல்.

இதில் கலந்திருக்கும் பகா எண்கள் எத்தனை என்று எண்ணினீர்களா? 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23. ஒன்பது. நம் மாநிலத்தின் பெயரிலேயே ஒன்பது இருக்கிறது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றாலும், சிரம்பானிலும் பகாவிலும் இருப்பவர்களுக்கு நினைவில் வைக்க வசதி.

இந்த எண்ணின் அமைப்பை உற்றுப் பாருங்கள். சிறிய பகா எண்கள் அதிகம், பெரியவை குறைவு. நடுவில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எல்லா மிகு பகு எண்களும் இப்படித்தான் இருக்கும் என்று இராமானுஜன் நிறுவினார். காரணம் எளிது. 18ஐ எடுங்கள், 2 × 3 × 3. இதில் 3 இரண்டு முறை, 2 ஒரே முறை. இரண்டையும் இடம் மாற்றினால் 2 × 2 × 3, அதாவது 12. காரணிகள் இரண்டுக்கும் ஆறுதான். அதே பலனைக் குறைந்த விலையில் தரும் 12 இருக்கும்போது 18 எதற்கு? கடைசியில் நிற்கும் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்றும் அவர் காட்டினார். அதற்கு விலக்கு 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டுமே.

விலை என்று சொன்னேன் அல்லவா? இந்த எண்ணின் உயிரே அந்த விலைக் கணக்கில்தான் இருக்கிறது. 23ஐச் சேர்த்தால் காரணிகள் இரட்டிப்பாகும். ஆனால் எண் 23 மடங்காகிவிடும். இன்னொரு 2ஐச் சேர்த்தால் எண் இரண்டு மடங்குதான் ஆகும். ஆனால் காரணிகள் ஏழு பங்குக்கு எட்டுப் பங்காக, கொஞ்சம்தான் கூடும். எதை வாங்கினால் கட்டுப்படியாகும்? வாரக் கடைசியில் குறைந்த காசை வைத்துக்கொண்டு சந்தையில் நிற்கும் குடும்பத்துப் பெண்ணுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

ஒன்று சோதித்துப் பார்ப்போம். 23ஐ எடுத்துவிட்டு அதைவிட மலிவான 22ஐ, அதாவது 2 × 11ஐப் போட்டால் என்ன? எண் சிறியதாகும். அப்போது 2 ஏழு முறையும் 11 இரண்டு முறையும் வரும். வழிகளை எண்ணினால் 8 × 5 × 3 × 3 × 3 × 2 × 2 × 2, அதாவது 8,640. மலிவுதான், ஆனால் 1,440 வழிகள் நட்டம். 20ஐயோ 18ஐயோ போட்டுப் பார்த்தாலும் 10,080ஐ எட்டாது. இப்படி ஒவ்வொரு மாற்றத்தையும் நிறுத்துப் பார்த்து, எதுவும் இதை வெல்லாது என்று காட்டும் முறையைத்தான் இராமானுஜன் உருவாக்கினார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். பள்ளியில் பரிசுகள் வாங்கிய பையன், கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்கவில்லை; உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1906இலும் 1907இலும் தேர்வில் தோற்றார். தாள் விலை கட்டுப்படியாகாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து, மறுபடியும் எழுதினார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்க்கையை மாற்றியது. 1914 மார்ச் 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறினார்.

அதே ஆண்டுகளில் தஞ்சை, திருச்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கிழக்கே வந்துகொண்டிருந்தார்கள். சிலர் லிங்கியிலும் ரந்தாவிலும் லாபுவிலும் காடு வெட்டிக் கன்று நட்டார்கள். அதே காவிரிக் கரையிலிருந்து ஒருவர் மேற்கே போனார். நம்மவரில் எத்தனை பேர் தலையில் எத்தனை கணக்கு இருந்ததோ, அதைக் கேட்பதற்கு ஹார்டிகள் அங்கே இருக்கவில்லை.

இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. மிகு பகு எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரையை இலண்டன் கணிதச் சங்கம் 1915இல் அச்சிட்டது. சங்கத்துக்கு அப்போது பணமுடை. ஆகவே கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றுவிட்டது. அச்சேறிய பகுதியே கேம்பிரிட்ஜில் அவருக்கு 1916இல் பட்டம் வாங்கித் தந்தது. தேர்வில் இரண்டு முறை தோற்றவருக்குக் கிடைத்த பட்டம் அது. 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயோடு 1919இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் காலமானார். வயது 32. அச்சேறாத பகுதி, விளக்கங்களோடு ஓர் ஆய்விதழில் வெளிவந்தது 1997இல்தான்.

அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு செய்தி உண்டு. கணினி இல்லாத காலத்தில் அவர் தந்த எண்கள் 102. பட்டியல் 6,746,328,388,800 வரை போகிறது. பிற்காலத்தில் மற்றவர்கள் கணக்கிட்டுப் பார்த்தபோது, அந்த எல்லைக்குள் ஓர் எண் விடுபட்டிருப்பது தெரிந்தது. 240,940,299,600 என்ற எண்ணுக்கு 4,800 காரணிகள். பட்டியலில் அதற்கு அடுத்தது 321,253,732,800. அதற்கு 5,376 காரணிகள். இரண்டுக்கும் நடுவில் 293,318,625,600 இருந்திருக்க வேண்டும். அதற்கு 5,040 காரணிகள்.

வேடிக்கை என்னவென்றால், விடுபட்ட எண் நம் பெரிய எண்ணுக்கு மிக நெருங்கிய உறவு. 6,746,328,388,800ஐ 23ஆல் வகுத்துப் பாருங்கள். வருவது அதேதான்! 23 என்ற ஒரு சரக்கைக் கடையிலிருந்து எடுத்துவிட்டதால், 10,080 வழிகள் பாதியாகி 5,040 ஆகின்றன.

அது பட்டியலில் இருந்தே தீர வேண்டும் என்பதற்குப் பெரும்பகுதி நியாயத்தை வீட்டிலேயே சொல்லிவிடலாம். அதைவிடச் சிறியதாக, 23 கலவாத ஓர் எண்ணுக்கு 5,040 அல்லது அதற்கு மேல் காரணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 23ஆல் பெருக்கினால் காரணிகள் இரட்டித்து 10,080 அல்லது அதற்கு மேல் ஆகும். ஆனால் அந்தப் பெருக்குத்தொகை நம் பெரிய எண்ணைவிடச் சிறியது. அப்படியானால் பெரிய எண் மிகு பகு எண்ணாக இருக்க முடியாது. அதுவோ மிகு பகு எண்தான். ஆகவே அப்படிப்பட்ட சிறிய எண் இல்லை. 23 ஏற்கெனவே கலந்த சிறிய எண்களைத் தனியாகப் பார்க்க வேண்டும்; பார்த்தால், அவற்றில் முன்னணியில் நிற்பது சற்று முன் சொன்ன 4,800 காரணிகள் கொண்ட எண்தான். 5,040ஐ எதுவும் எட்டவில்லை.

102 எண்களை இப்படிக் கையால் கண்டெடுத்தவர் ஒன்றைத் தவறவிட்டார் என்பதனால் அவர் புகழ் குறையவில்லை. எனக்குப் பிடித்தது இதுதான்: கணக்கில் பெரியவர் எழுதினார் என்பதற்காக எதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. செக்ரோலில் கிராணி எழுதிய பாலின் எடையைக் கேள்வி கேட்கத் தயங்கிய காலம் ஒன்று நம்மிடையே இருந்தது. எழுத்தறியாத பாட்டிகள் சுவரில் கரிக்கோடு போட்டு வேலை நாளை எண்ணி வைத்தார்கள். கோடு கூடுதலாகவும் சம்பளம் குறைவாகவும் வந்தால், அந்தக் கரிக்கோடுதான் அவர்களுக்குச் சாட்சி.

இன்னும் ஒரு செய்தி மிச்சம். 5,040 என்ற எண்ணும், 10,080 என்ற எண்ணும் இராமானுஜன் பட்டியலிலேயே இருக்கின்றன! 5,040க்கு அறுபது காரணிகள், 10,080க்கு எழுபத்திரண்டு. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் பிளேட்டோ, 'சட்டங்கள்' என்ற தம் நூலில், நல்ல ஊரில் 5,040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று எழுதினார். நிலத்தையும் ஊர்ப் பொறுப்புகளையும் பிரிக்க அந்த எண் வசதி என்பது அவர் வாதம். ஒன்று முதல் பத்து வரை எந்த எண்ணாலும் அது மிச்சமின்றி வகுபடும். தன்னையே நீக்கிவிட்டு 59 காரணிகள் என்று அவரும் சரியாகவே எண்ணியிருக்கிறார்.

10,080ஐத் தேடிக் கிரேக்க நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு 24 மணி, ஒரு மணிக்கு 60 நிமிடம், வாரத்துக்கு 7 நாள். பெருக்கிப் பாருங்கள். ஒரு வாரத்தில் இருப்பது சரியாக 10,080 நிமிடங்கள். நம் பெரிய எண்ணின் காரணிகளை நிமிடத்துக்கு ஒன்றாக, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எழுதத் தொடங்கினால், அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத்தான் எழுதி முடியும்.

அதை யாரும் எழுத வேண்டாம். பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறிய கணக்கு ஒன்று தருகிறேன். ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் மிச்சமின்றி வகுபடும் எண்களில் மிகச் சிறியது எது? 5,040 அன்று, அதைவிடச் சிறியது ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்து, பகா எண்களாகப் பிரித்து, கடைக்காரர் முறையில் வழிகளை எண்ணுங்கள். 48 என்று வந்தால் கணக்குச் சரி.